சாய்தளம் கட்டினால் போதுமா? தடையற்ற சூழல் குறித்த எளிய அறிமுகம்

பழனி மலைக்கோயிலுக்குச் செல்ல வழிகள் பல உண்டு. அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட படிப்பாதை, அதைவிட மெல்லிய சரிவில் செல்லும் யானைப்பாதை, 1960-களிலிருந்து ஓடிவரும் விஞ்ச் என்னும் இழுவை ரயில், 2004-ஆம் ஆண்டு வந்த ரோப் கார் என எல்லா வழிகளிலும் மக்கள் மேலே போய்க்கொண்டே இருக்கிறார்கள். காங்கயம், தாராபுரம் பக்கமிருந்து காவடியோடு நடந்து வரும் இளைஞர் படியேறிப் போகிறார். முழங்கால் தேய்ந்துபோன அவருடைய பாட்டி விஞ்சில் போகிறார். இருவரும் நிற்பது ஒரே சந்நிதியில்தான். விஞ்சில் வந்ததனால் பாட்டியின் வேண்டுதலுக்கு மதிப்புக் குறைவு என்று எவரும் சொல்வதில்லை. படி மட்டுமே இருந்திருந்தால், பாட்டியால் முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று குடும்பமே கூடி முடிவு செய்திருக்கும். இரண்டு நிலையிலும் பாட்டியின் முழங்கால் ஒன்றுதான். மலைக்குப் போகும் வழிதான் வேறு.

மாற்றுத்திறனாளிகளுக்கான தடையற்ற சூழல் என்று அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் நாம் படிக்கும் கருத்தின் அடிப்படை இவ்வளவுதான். ஒருவரால் ஓரிடத்துக்குப் போகவோ ஒரு வேலையைச் செய்யவோ முடியவில்லை என்றால், அதற்கு அவருடைய உடலை மட்டும் காரணமாகக் கொள்ளாமல், அந்த இடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2007 அக்டோபரில் இந்தியா ஒப்புதல் அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை இந்தப் பார்வையில்தான் எழுதப்பட்டது. அதைப் பின்பற்றி வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. புதிய சட்டம் தசைச்சிதைவு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு உட்பட மொத்தம் 21 வகைகளைக் கணக்கில் கொள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அது பழைய வகைப்பாட்டை ஒட்டிய கணக்கு என்பதால், புதிய சட்டத்தின் பார்வையில் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஓரிடம் தடையற்றதா என்பதை எப்படி அறிவது? படிக்கு மாற்றாகச் சரிவாகக் கட்டும் சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்பதே வழக்கம். நான் முன்வைக்கும் அளவுகோல் சற்று வேறானது: வந்தவர் யாரிடமும் கை நீட்டாமல், வந்த வேலையை முழுதாக முடித்துக்கொண்டு வீடு திரும்ப முடிகிறதா?

ஈரோடு மாவட்டத்தில், கோபி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர், அரசு வழங்கிய இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில், ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் ஒன்றுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரை அவருக்குச் சிக்கல் இல்லை. அலுவலக வாசலில் இருசக்கர வாகனங்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருப்பதால் அகலமான அவருடைய ஸ்கூட்டர் உள்ளே நுழைவதில்லை. தள்ளி நிறுத்திவிட்டு ஊன்றுகோலோடு வந்தால் சாய்தளம் இருக்கிறது; ஆனால் அதன் அடியில் மழைநீர் மண்ணை அரித்து நான்கு அங்குலப் பள்ளம் விழுந்திருக்கிறது. உள்ளே மனு வாங்கும் மேசை நிற்பவரின் நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. கையொப்பமிட வேண்டிய அதிகாரி மாடியில் இருக்கிறார். இந்த அலுவலகத்தின் கோப்பில் "சாய்தளம் உள்ளது" என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் வந்தவருடைய வேலை முடியவில்லை. கருவி வழங்குவதில் தாராளமாக இருக்கும் நம் மாநிலம், அந்தக் கருவியோடு நுழையக்கூடிய இடங்களை அமைப்பதில் அதே வேகத்தைக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

பொது இடம் என்றவுடன் அரசு அலுவலகத்தை மட்டும் நினைத்துவிடக் கூடாது. பொதுமக்கள் பெருவாரியாகப் பயன்படுத்தும் கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் அது பொதுக் கட்டடமே என்பது 2016 சட்டத்தின் வரையறை. கல்வி, வணிகம், வழிபாடு, பொழுதுபோக்கு, மருத்துவம் என எல்லாமே அதற்குள் அடங்கும். அப்படிப் பார்த்தால் நம் கொங்குப் பகுதியில் முதலில் திருத்தப்பட வேண்டியவை கல்யாண மண்டபங்கள் என்று சொல்வேன். மேடையும் அலங்காரமும் கண்ணைப் பறிக்கும். பந்தி நடக்கும் கூடமோ தரைக்குக் கீழே இருபது படி இறங்கி இருக்கும். சீர் செய்ய வந்த தாய்மாமன் சக்கர நாற்காலியில் இருந்தால், அவருக்கு மட்டும் இலையை மேலே கொண்டுவந்து தனியே போடுவார்கள். அன்போடு செய்வதுதான், ஆனாலும் பந்தியில் உறவினரோடு அமர்ந்து சாப்பிடுவதும் தனியே சாப்பிடுவதும் ஒன்றாகிவிடாது.

இனி சாய்தளத்துக்கு வருவோம். அதிகம் கட்டப்படுவதும் அதிகம் தவறாகக் கட்டப்படுவதும் அதுவே என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். தேசிய வழிகாட்டு நெறிகள் சொல்லும் சரிவு 1:12. அதாவது 1 அங்குல உயரம் ஏற வேண்டுமானால் 1 அடி நீளம் வேண்டும். அடிக் கணக்கில் வேலை செய்யும் நம் கொத்தனார்களுக்கு இதைவிட எளிதான வாய்ப்பாடு இல்லை. ஆறு அங்குலப் படிகள் மூன்று கொண்ட பள்ளிக்கூட வராந்தா 18 அங்குல உயரம். ஆகவே சாய்தளம் 18 அடி நீளம் இருக்க வேண்டும். "எதுக்குங்க டீச்சர் இத்தனை நீளம், ஆறடி பத்தாதுங்களா?" என்று கொத்தனார் கேட்பது இயல்பு. ஆறடியில் கட்டினால் சிமெண்ட் மிச்சம், முற்றமும் மிச்சம். ஆனால் அந்தச் சரிவு 1:4 ஆகிவிடுகிறது. குழந்தையும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 48 கிலோ என்று கொண்டால், 1:12 சரிவில் அதை மேலே தள்ள ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை போதும்; 1:4 சரிவில் அது 12 கிலோவுக்கு நெருக்கமாகப் போய்விடும். பத்து வயதுக் குழந்தையின் கைகளால் சக்கரத்தை உருட்டி அவ்வளவு விசையைக் கொடுக்க முடியாது. மேலே ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் குடை சாயவும் கூடும். பார்வைக்குச் சாய்தளமாகவும் பயனில் சுவராகவும் நிற்கும் இத்தகைய அமைப்புகளை எந்த ஊரிலும் காணலாம்.

இடம் போதாத முற்றத்தில் சாய்தளத்தை நேராக நீட்ட வேண்டியதில்லை. சுவரை ஒட்டி மடித்துத் திருப்பலாம். திருப்பத்தில் சக்கர நாற்காலி சுழல்வதற்கு 5 அடிக்கு 5 அடி சமதளம் விட வேண்டும். மேல்முனையில், கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் தேவை. இல்லாவிட்டால் ஒரு கையால் கதவைத் திறக்கும் நேரத்தில் நாற்காலி பின்னால் உருண்டுவிடும். இருபுறமும் கைப்பிடியும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சிறு கட்டையும் வேண்டும். வழவழப்பான டைல்ஸ் ஒட்டிய சாய்தளம் மழைநாளில் எல்லாருக்கும் ஆபத்து. வழுக்கக் கூடாது என்பதற்காக ஆழமாகக் கோடு இழுத்தால், நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் அவற்றில் தட்டித் தட்டி நிற்கும்; சொரசொரப்பான சிமெண்ட் பூச்சே போதுமானது. சரிவைச் சோதிக்கப் பொறியாளர் வர வேண்டும் என்பதில்லை. ஒரு ரசமட்டமும் அளவு நாடாவும் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள எந்தப் பெற்றோரும் அளந்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். நம் ஊர்களில் வாக்குச்சாவடிகள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே அமைகின்றன. வாக்குச்சாவடியில் சாய்தளம் இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் வலியுறுத்துவதால், தேர்தல் நெருங்கும்போது அவசரமாகக் கட்டப்பட்டவை உண்டு. அவை வாக்குப்பதிவு நடக்கும் அறைக்குச் செல்லும். மாணவி படிக்கும் வகுப்பறைக்குச் செல்ல வேண்டும் என்று எவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சாய்தளத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடக் கழிப்பறைக்குக் கிடைப்பதில்லை. சக்கர நாற்காலியோடு பயன்படுத்தும் கழிப்பறை ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். கதவின் அகலம் 90 சென்டிமீட்டர். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கமாகத் திறக்கும் கதவு அவர் மீதே இடித்து நிற்கும், உதவிக்கு வருபவரால் நுழைய முடியாது என்பதே காரணம். பீங்கான் இருக்கையின் பக்கத்தில் உறுதியான கைப்பிடிக் கம்பிகள் தேவை. இவ்வளவையும் செலவு செய்து கட்டிய பிறகு, அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளையும் துடைப்பங்களையும் போட்டுப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டி வைப்பது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம். கழிப்பறைக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஈரோட்டு வெயிலில் அது உடம்பை என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை நடப்பதில் சிரமம் உள்ளவர்களைப் பற்றியவை. பார்வையற்றவர்களுக்குப் படி ஒரு பெரிய தடையே அல்ல. படி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் தடை. ரயில் நிலைய நடைமேடைகளிலும் புதிய நடைபாதைகளிலும் காணப்படும் புடைப்பு உள்ள மஞ்சள் ஓடுகள் அதற்காகவே பதிக்கப்படுகின்றன. நீண்ட கோடுகள் உள்ள ஓடு இப்படியே செல்லலாம் என்பதையும், வட்டப் புள்ளிகள் உள்ள ஓடு நில், முன்னால் ஏதோ இருக்கிறது என்பதையும் காலுக்கும் வெள்ளைக்கோலுக்கும் சொல்கின்றன. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-இல் இதை உருவாக்கினார்; 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். மஞ்சள் நிறம் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கானது. இந்தக் குறியீட்டை அறியாமல் அழகுக்காக ஓடு பதிப்பவர்கள், கோட்டு ஓடுகளை நேரே மின்கம்பத்தில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள்.

வெள்ளைக்கோல் தரையில் உள்ளதைத்தான் கண்டுபிடிக்கும். கடைக்கு முன்னால் தாழ இறக்கிய தகரக் கூரை, ஏசி இயந்திரம், பிளெக்ஸ் பேனரின் கம்பிச் சட்டம் ஆகியவை கோலுக்குத் தப்பி நெற்றியில் மோதும். தலை உயரத்தில் எதுவும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற விதிக்குச் செலவே கிடையாது. கடைக்காரர் மனம் வைத்தால் போதும்.

செய்தி சொல்லும் முறைக்கு ஒரு பொதுவிதி உண்டு. எந்தச் செய்தியும் குறைந்தது இரண்டு புலன்களுக்கு எட்ட வேண்டும். நம் ஊர்த் தனியார் பேருந்தின் நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே வருவதும், பேருந்தின் நெற்றியில் அதே பெயர் எழுதியிருப்பதும் சேர்ந்து, ஒருவரும் திட்டமிடாமலேயே இந்த விதியை நிறைவேற்றுகின்றன. பார்வையற்றவர் கேட்டு ஏறுகிறார். காது கேளாதவர் படித்து ஏறுகிறார். மருத்துவமனையிலும் வங்கியிலும் இது அடிக்கடி தவறிப்போகிறது. எண்ணைத் திரையில் மட்டும் காட்டினால் முன்னவருக்குத் தெரியாது. பெயரைக் கூப்பிட மட்டும் செய்தால் பின்னவர் தன் முறை போனது தெரியாமல் மதியம் வரை அமர்ந்திருப்பார். பேருந்தைப் பொறுத்தவரை இன்னொரு குறை இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் துணையாளரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ஆனால் பழைய வகைப் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கும் வரை, அந்தச் சலுகை எட்டாத ஒரு பகுதியினர் இருந்துகொண்டே இருப்பார்கள். தாழ்தளப் பேருந்துகள் கேட்கப்படுவது இதனால்தான்.

பள்ளிகளின் நிலை தனியே பேசத் தக்கது. ஏனெனில் அலுவலகத்துக்கு ஒருவர் ஆண்டுக்குச் சிலமுறை போகிறார். குழந்தையோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் போகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக் கட்டடத்துக்கான அடிப்படைத் தகுதிகளில் ஒன்றாகத் தடையற்ற நுழைவைக் குறிப்பிடுகிறது. 2016 சட்டமோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது.

"நானே தூக்கிட்டு வந்து உக்கார வெச்சுப்போட்டுப் போறனுங்க டீச்சர், நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாமுங்க" என்று ஒரு தகப்பனார் முதல் வகுப்பில் சொல்வதை ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள். ஆறு வயதில் அது நடக்கும். பதிமூன்று வயதில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வருவது தகப்பனாருக்கும் முடியாது, அந்தப் பெண்ணும் அதற்கு இசைய மாட்டாள். இடையில் தறிப்பட்டறை வேலைக்கோ பனியன் கம்பெனி ஷிப்டுக்கோ அவர் போய்விட்டால் வேறு ஆளும் இல்லை. பள்ளிக்கூடம் மாறாமல் குழந்தையின் எடை மட்டும் கூடிக்கொண்டே போகும்போது, படிப்பு நின்றுவிடுகிறது. படிப்பில் ஆர்வமில்லை என்று பிறகு காரணம் எழுதப்படும்.

இங்கே இரண்டு கருத்துகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். யார் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை ஒரு வகை: சாய்தளம், கழிப்பறை, அகலக் கதவு, படி விளிம்பில் பளிச்சென்ற நிறக் கோடு. இன்ன குழந்தைக்கு இன்னது என்று பார்த்துச் செய்து கொடுப்பவை இன்னொரு வகை. சட்டம் இதையும் கட்டாயமாக்குகிறது. ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்து, அதில் படிக்கும் ஒரு மாணவர் காலுக்குத் தாங்கலாகும் காலிப்பர் அணிந்தவராக இருந்தால், லிப்டுக்கு நிதி கேட்டு மூன்றாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து, கீழே உள்ள ஒரு வகுப்பை மேலே அனுப்பினால் போதும். ஒரு சனிக்கிழமை வேலை அது. பெஞ்சும் மேசையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தால் சக்கர நாற்காலி நுழையாது என்பதால், அவருக்கு மட்டும் தனி மேசை ஒன்று போடலாம்.

குறைந்த பார்வை உள்ள பிள்ளையை முன்வரிசையில், சன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசாத இடத்தில் அமர்த்தி, ஆசிரியர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதலாம். காதொலிக் கருவி அணிந்த பிள்ளை இருக்கும் வகுப்பில், பலகையைப் பார்த்தபடி பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும். அக்கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் திடீரென அடிக்கும் மணியும், சொல்லாமல் மாறும் பாடவேளையும் பெருந்துன்பம். அன்றைய நாளின் வரிசையைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டி வைத்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் தகுதியுள்ளவர்களுக்கு உண்டு; உரிய மருத்துவச் சான்றோடு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பறைக்கு வெளியேயும் பள்ளி இருக்கிறது. சத்துணவுக் கூடம், குடிநீர்க் குழாய், காலை வணக்கம் நடக்கும் மணல் மைதானம், கணினி அறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தக் குழந்தையோடு ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் எங்கே சக்கரம் நிற்கிறது என்பது தெரியும். ஆலோசனைக்குக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களையும் இயன்முறை மருத்துவரையும் அணுகலாம். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில், ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில், சிறப்புக் கல்விக்கெனத் தனித் துறையே இயங்கிவருவது நம் பகுதிக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆனாலும் எந்த வல்லுநரை விடவும் நன்றாகச் சொல்லக்கூடியவர் அதைப் பயன்படுத்தப் போகிறவர். கட்டுவதற்கு முன் அவரைக் கேட்பவர்கள் குறைவு.

பணம் பற்றி ஒரு சொல். மில்களும் பனியன் கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் பள்ளிகளுக்கு வாரிக் கொடுக்கும் பகுதி இது. அந்தக் கொடை பெரும்பாலும் நுழைவு வளைவாகவும் கலையரங்க மேடையாகவும் உருவெடுக்கிறது. பெயர்ப்பலகை பதிக்க வசதியானவை என்பதைத் தவிர அவற்றுக்கு முன்னுரிமை தரக் காரணம் எனக்குத் தெரியவில்லை. சரியான அளவில் கட்டிய ஒரு கழிப்பறையிலும் கல்வெட்டு பதிக்கலாம்.

ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் திருத்த வேண்டும் என்று 2016 சட்டம் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-இல் முடிந்துவிட்டது. மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அதன் பின் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் ராஜீவ் ரதுரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் குறித்த 15(1)-ஆம் விதி வெறும் பரிந்துரையாகவே நின்றுவிடுகிறது, சட்டமோ கட்டாயத்தைக் கோருகிறது என்று கூறி அவ்விதியைச் செல்லாததாக்கியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றை மூன்று மாதங்களுக்குள் தனியே வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

ஊர் அளவில் செய்யக்கூடியது இதைவிட எளிது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் முறையிடலாம். அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். "சாய்தளம் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். "வராந்தா உயரம் 18 அங்குலம், சாய்தள நீளம் 6 அடி, இருக்க வேண்டியது 18 அடி, கைப்பிடி இல்லை" என்று அளவோடும் புகைப்படத்தோடும் எழுதினால், பெறுபவர் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு அதிலேயே விவரம் இருக்கும். பள்ளியாக இருந்தால், மனு எழுதும் முன் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதே அளவுகளைத் தீர்மானமாகப் பதிவு செய்து, தீர்மான நகலையும் மனுவோடு இணைத்துவிட வேண்டும்.